தலைக்கு மேல் ஒரு துணி: திறந்த ரோட்ஸ்டருக்கு எந்தக் கூரை?

வண்டி வேலை முடிந்து, பெயின்ட் காய்ந்து, முதல் சுற்றும் போய்வந்த பிறகுதான் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது: "அண்ணே, மேலே என்ன போடுறது?" என்னிடம் பெரும்பாலும் செப்டம்பரில் கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு மூன்று நான்கு வாரம்தான் இருக்கும். அந்த அவசரத்தில் எதையோ தைத்துப் போட்டு, ஒரே மழைக்காலத்தில் தரைத்தகடு துருவேறிப்போன நல்ல வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

ரோட்ஸ்டராக, அதாவது நிலையான கூரை இல்லாத திறந்த காராக, மாற்றும் பழைய வண்டிகளில் எனக்கு நெருக்கமானது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னைப் பக்கம் வண்டலூரில் தயாரானது. இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். வடிவம் இத்தாலிக்காரர் ஜியோவானி மிச்செலாட்டி போட்டது. இதற்கு சேஸிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடி தனி. அந்தப் பாடியையும் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். கூரையும் அப்படி ஒரு துண்டுதான். பிளேடு வைத்து அறுக்காமல் கழற்றி எடுத்துவிடலாம். திறந்த வண்டி செய்ய நினைப்பவர்கள் இதைத் தேடிப் போவது அதனால்தான். கீழே சொல்லப்போவது, சேஸிஸிலிருந்து நீங்களே கட்டிய ரோட்ஸ்டருக்கும் பொருந்தும்.

துணிக்கு அளவெடுக்கும் முன் இரண்டு வேலை இருக்கிறது. கூரை போனதும் பாடியின் விறைப்பு குறையும். ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கதவு இடுக்கைப் பாருங்கள். இடுக்கு மாறினால் கதவுத் தூணுக்குப் பலம் கொடுத்த பிறகுதான் அளவு. ஆடுகிற பாடிக்குத் தைத்த கூரை எந்த ஓரத்திலும் ஒட்டி உட்காராது. அடுத்தது ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. துணிக்கூரையைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. இரும்புக்கூரை எங்கே என்றுதான் கேட்பார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் பேசி, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

எல்லாரும் துணியில் ஆரம்பிக்கிறார்கள். ரெக்சினா, கித்தானா, என்ன கலர்? துணி கடைசிக் கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பது. ஷெட்டில் நிற்கும் வண்டிக்கும், அபார்ட்மென்ட் வாசலில் வெயிலிலும் பனியிலும் கிடக்கும் வண்டிக்கும் ஒரே கூரை சரிவராது.

இரண்டாவது, நடுவழியில் மழை பிடித்தால் நீங்கள் ஒற்றை ஆளாக எத்தனை நிமிடத்தில் கூரையை ஏற்றுவீர்கள்? நம் ஊர்க் கோடைமழை முன்னறிவிப்பு தந்து வருவதில்லை. முதல் துளி விழுந்து மூன்றாவது நிமிடம் கொட்டும்.

மூன்றாவது காற்று. இதைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. காற்று கூரையைக் கீழே அமுக்கும் என்று நினைக்கிறார்கள். கூரைக்கு மேலே ஓடும் காற்று வேகமெடுப்பதால் அங்கே அழுத்தம் குறைந்து, துணி மேல்நோக்கித்தான் உப்பும். 80 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. 40 கி.மீ. வேகத்தில் அது ஏழரை கிலோதான். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. அதில் பாதி தூக்குவிசையாக மாறினாலே, ஒன்றரை சதுர மீட்டர் துணியை இருபது கிலோவுக்கு மேல் இழுக்கும். ஊருக்குள் கச்சிதமாக நின்ற கூரை பைபாஸில் பிய்த்துக்கொண்டு போவது இதனால்தான். எந்த வகைக் கூரையானாலும், விண்ட்ஷீல்டின் மேல் சட்டத்தில் அதன் முன்விளிம்பு எப்படிப் பிடித்திருக்கிறது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது.

அப்புறம் சின்னச் சின்ன அளவுகோல்கள்: கழற்றிய கூரையை எங்கே வைப்பது, ஏற்றிய பிறகு பின்னால் வரும் பைக் தெரியுமா, பாடியில் எத்தனை துளை போட வேண்டும். ஒவ்வொரு துளையும் நாளைய துரு. பழைய வண்டியில் அது சின்ன விஷயமில்லை.

## வழி 1: படுதா மூடி

இது கூரையே இல்லை. விண்ட்ஷீல்டின் அடியிலிருந்து பின் இருக்கை வரை உட்காரும் இடத்தை மட்டும் மூடும் தட்டையான துணி. பழைய எம்.ஜி., ட்ரையம்ப் ரோட்ஸ்டர்களில் பார்த்திருப்பீர்கள். நடுவில் நீளவாக்கில் ஜிப் வைத்துத் தைத்தால், பக்கத்து இருக்கையை மூடியபடியே ஓட்டுநர் பக்கத்தை மட்டும் திறந்து ஓட்டலாம்.

கம்பி வேலை இல்லை, செலவு குறைவு, சுருட்டினால் ஒரு பாய் அளவுக்குக்கூட வராது. குறை என்னவென்றால் மழையில் நடுவில் குளம் கட்டும். அந்தக் கனத்தில் துணி தொங்கும். தையல் துளை வழியே நீர் சொட்ட ஆரம்பிக்கும். உள்ளே இருக்கைகளுக்கு நடுவில் ஒரு குச்சியை நிறுத்தி, துணியைக் கூடாரம்போல உயர்த்திவிட்டால் நீர் இருபுறமும் வழிந்துவிடும். குச்சியின் தலையில் ஒரு பழைய டென்னிஸ் பந்தைச் செருகி வையுங்கள், துணி கிழியாது.

ஷெட்டில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே வரும் வண்டிக்கு இது போதும். வேறு எந்தக் கூரை செய்தாலும் இதையும் கூடவே தைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்தும்போது ஸ்டியரிங்கும் சீட்டும் தப்பிக்கும்.

## வழி 2: அரைக்கூரை

விண்ட்ஷீல்டு சட்டத்திலிருந்து இருக்கைக்குப் பின்னால் உள்ள ஒரு வளைவு வரைக்கும் மட்டும் இழுத்துக் கட்டும் துணி. பக்கமும் பின்புறமும் திறந்தே இருக்கும். இரண்டு நிமிட வேலை.

நேர்மையாகச் சொன்னால், நம் ஊரில் திறந்த வண்டிக்கு மழையைவிடப் பெரிய எதிரி வெயில்தான். ஏப்ரலில் காலை பதினொரு மணிக்கு ஈ.சி.ஆரில் தலையைக் காட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அரைக்கூரையின் அருமை தெரியும். மழைக்கு இது அரை மருந்து. ஓடும்போது முன்பக்கத்திலிருந்து நனைய மாட்டீர்கள். சிக்னலில் நின்றதும் பக்கவாட்டுச் சாரல் மடியில் விழும்.

மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. மேலே மூடி, பின்னால் திறந்திருக்கும் வண்டியில், ஓடும்போது வண்டிக்குப் பின்னே குறைந்த அழுத்தம் உண்டாகி, சைலன்சர் புகை உள்ளே திரும்பி வரும். பழைய இன்ஜினாக இருந்தால் அரை மணி நேரத்தில் தலைவலிக்கும். சைலன்சர் வாயைப் பாடிக்கு வெளியே நன்றாக நீட்டிவிட்டு, பக்கக் கண்ணாடிகளை இறக்கி வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

## வழி 3: வளைவுக் கம்பியும் தனித்துணியும்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் வழியும் இதுதான்.

இரண்டு அல்லது மூன்று கம்பி வளைவுகள் பாடியில் உள்ள குழாய்ச் செருகிகளில் இறங்கி நிற்கும். துணி முழுக்கத் தனியாக வரும். மேலே விரித்து முன்னால் மாட்டி, பின்னால் இழுத்துப் பட்டன் போட வேண்டும். 1957இல் வந்த லோட்டஸ் செவன் முதல் நம் ஊர்ப் பழைய ஜீப்புகள் வரைக்கும் இதே தத்துவம்தான்.

கம்பிக்கு 20 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. கனமுள்ள இரும்புக் குழாய் போதும். குழாய் வளைக்கும் இயந்திரம் இல்லையென்றால் குழாய்க்குள் மணலை இறுக்கமாக அடைத்து, இரு முனையையும் மூடி, சூடாக்கி வளைக்கலாம். மணல் போடாமல் வளைத்தால் வளைவின் உள்பக்கம் நசுங்கிவிடும். மணலை வாணலியில் வறுத்து ஈரம் போக்கிவிட்டுத்தான் அடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் சூட்டில் ஆவி அடைபட்டு அடைப்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். இதில் விளையாட வேண்டாம்.

பின் வளைவைக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்கும்படி வையுங்கள். துணியை முன்னும் பின்னும் மாட்டிய பிறகு அதைப் பின்னால் தள்ளி நிமிர்த்திப் பூட்டினால் துணி மேளத்தோல் மாதிரி விறைக்கும். விறைப்பைக் கம்பி கொடுக்க வேண்டும். பட்டனை இழுத்து விறைப்பு உண்டாக்கப் பார்த்தால் பட்டன்தான் பிய்ந்து வரும்.

முன்விளிம்புக்கு வருவோம். சாதாரண பிரஸ் பட்டன் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும். ஆனால் ஒரு ஓரத்தில் காற்று புகுந்தால் உரித்தெடுப்பதுபோல ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். திண்டுக்கல் பைபாஸில் ஒரு நண்பருடைய வண்டியில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இது நடந்தது. டப், டப், டப் என்று இடமிருந்து வலமாக ஏழு பட்டனும் கழன்று, துணி எழுந்து முகத்தில் அடித்தது. நல்லவேளை, பின்னால் லாரி இல்லை. அன்றிலிருந்து முன்னால் பிரஸ் பட்டன் வைக்க நான் ஒப்புக்கொள்வதே இல்லை. துணி விளிம்புக்குள் கயிறு வைத்துத் தைத்து, அதை விண்ட்ஷீல்டு சட்டத்தில் அடித்த அலுமினியச் சேனலுக்குள் பக்கவாட்டில் நுழைத்து இழுப்பதுதான் சிறந்தது. விளிம்பு முழுக்கப் பிடி இருக்கும். காற்று புக இடுக்கே இருக்காது. பக்கங்களிலும் பின்னாலும் திருகு பட்டன் (தலையைத் திருப்பினால் பூட்டிக்கொள்வது) வையுங்கள். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் மட்டும். கடலோர ஊர்களில் இரும்புப் பட்டன் ஒரே வருடத்தில் துணியில் துருக்கறை வைத்துவிடும்.

தையலுக்கு வருவோம். ரெக்சின் வழக்கமாக 54 அங்குல அகலத்தில் வரும். நடுத்துண்டை முன்னிருந்து பின்னாக ஒரே நீளமாக ஓடவிட்டு, இருபுறமும் பக்கத்துண்டுகளை இணைத்தால் தையல் கதவுக்கு மேலே விழும். அங்கே மேல்துணி கீழ்த்துணியின் மீது ஏறி இருக்க வேண்டும், ஓடு வேய்வது போல. நீர் தையலுக்குள் போகாமல் தாண்டி வழியும். பருத்தி நூல் வேண்டாம், மக்கிப்போகும். தடித்த பாலியஸ்டர் நூல் கேட்டு வாங்குங்கள். வீட்டுத் தையல் மிஷின் நாலு மடிப்பு ரெக்சினில் திணறும். வெட்டுவதையும் பொருத்துவதையும் நீங்கள் செய்துவிட்டு, நீளத் தையலுக்கு மட்டும் குஷன் கடைக்குப் போவது புத்திசாலித்தனம். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த குஷன் மாஸ்டர் ஒருவர், துணியை வண்டி மேல் போட்டு இழுத்து, கயிற்றால் கட்டிவிட்டுப் பட்டன் அடிக்காமலேயே எழுந்துவிட்டார். "தம்பி, நாளைக்கு மத்தியானம் வாங்க. துணி வெயில்ல இளகட்டும், அப்புறம் பட்டன் அடிக்கலாம்" என்றார். மறுநாள் போனால், முந்தைய நாள் விறைப்பாக இருந்த துணி ஒரு விரற்கடை தொய்ந்திருந்தது. பின்விளிம்பின் நடுவில் ஒரு பட்டன், பிறகு இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே ஓரத்துக்குப் போனார். ஒரு ஓரத்தில் ஆரம்பித்திருந்தால் மறு ஓரத்தில் சுருக்கம் விழுந்திருக்கும்.

மறைமுகச் செலவு இதில் நிறைய. அலுமினியச் சேனல், செருகிகளுக்கு வெல்டிங், கம்பிகளை வைக்க ஒரு பை. சொந்தமாகக் கட்டிய வண்டியில் ஏற்றியிறக்கும் கண்ணாடி இல்லையென்றால் பக்கத்திரைகளும் வேண்டும். அது கூரைக்குச் சமமான வேலை. ஹெரால்டில் கதவுக் கண்ணாடி இருப்பதால் தப்பிக்கலாம். நேரம்தான் இதன் பெரிய குறை. பழகிய பிறகும் எனக்குத் தனியாக ஆறு, ஏழு நிமிடம் ஆகிறது. மாமல்லபுரம் தாண்டி ஒரு மாலை, இருட்டில் செருகியைத் தடவிக்கொண்டு முழுக்க நனைந்திருக்கிறேன். வானம் கறுத்தாலே வண்டியை ஓரங்கட்டிக் கூரையை ஏற்றிவிடும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

## வழி 4: மடக்குச் சட்டம்

கம்பிகள் எல்லாம் ஒரே கீலில் இணைந்து, துணியோடு சேர்ந்து பின்னால் மடங்கிவிடும். ஒரு நிமிடத்தில் ஏறும். வாசலில் தினமும் நிற்கும் வண்டிக்கும், தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் வண்டிக்கும் இதுதான் சரி.

வீட்டில் செய்வதுதான் கஷ்டம். இரண்டு பக்கக் கீல்களும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கீலில் 5 மி.மீ. பிசகினால் முன்னால் விண்ட்ஷீல்டுக்கு வரும்போது அது பல மடங்காகி, ஒரு பக்கம் பூட்டும், மறுபக்கம் வாய் பிளந்து நிற்கும். மடங்கிய கூரைக்கு இருக்கைக்குப் பின்னால் இடமும் வேண்டும். புதிதாகச் செய்வதைவிட, வேறு வண்டியின் பழைய சட்டத்தை வாங்கி அகலத்தை மாற்றிக்கொள்வது நடக்கிற காரியம். ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் திறந்த மாடலே வந்ததால் அதன் சட்டம் பழைய பொருளாகக் கிடைக்கும். கப்பல் கூலியும் சுங்கவரியும் சேர்ந்தால் பொருளின் விலையை எட்டிவிடும் என்பதை மட்டும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

| | படுதா மூடி | அரைக்கூரை | வளைவும் துணியும் | மடக்குச் சட்டம் |
|---|---|---|---|---|
| ஏற்றும் நேரம் (தனி ஆள்) | 3 நிமிடம் | 2 நிமிடம் | 6–7 நிமிடம் | 1 நிமிடம் |
| ஓடும்போது மழை | தாங்காது | பாதி | தாங்கும் | நன்றாகத் தாங்கும் |
| வெயில் | நிறுத்தும்போது மட்டும் | மிக நன்று | நன்று, உள்ளே புழுக்கம் | நன்று, உள்ளே புழுக்கம் |
| வைக்கும் இடம் | சீட்டுக்கு அடியில் | சீட்டுக்கு அடியில் | டிக்கி | வண்டியிலேயே, இடம் அடைக்கும் |
| வீட்டில் செய்ய | எளிது | எளிது | சில வாரக் கடைசிகள் | மாதங்கள் |
| மறைமுகச் செலவு | நடுக்குச்சி, பட்டன் | பின் வளைவு | சேனல், பக்கத்திரை | கீல், பழைய சட்டம், சுங்கவரி |

## இனி துணி

கித்தான் அழகாக இருக்கும், மூச்சு விடும். நனைந்ததும் நூல் உப்பி இடைவெளி அடைபடும். ஆனால் உள்ளிருந்து விரல் பட்டால் பட்ட இடத்தில் ஒழுகும். முதல் மழையில் சுருங்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் நாலு நாளில் பூஞ்சணம். தைக்கும் முன்பே ஒருமுறை நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிடுங்கள்.

ரெக்சின் ஒரு சொட்டு விடாது. தையல் துளைகள் மட்டும்தான் ஒழுகும். விலையும் குறைவு. வருடக்கணக்கில் வெயில் பட்டால் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். சோபாவுக்கு விற்கும் ரெக்சினை வாங்கிவிடாதீர்கள். பாலியஸ்டர் பின்துணி உள்ள, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான ரகம் கேளுங்கள்.

படகுக்கும் கடை முன்பந்தலுக்கும் பயன்படும் அக்ரிலிக் துணியில் நூலுக்குள்ளேயே சாயம் இருப்பதால் வெயிலில் வெளுப்பது மிகக் குறைவு, ஈரமும் தங்காது. நாள் முழுக்க அடிக்கும் மழையில் தேங்கிய இடத்தில் லேசாகக் கசியலாம். வாசலில் நிற்கும் வண்டிக்கு நான் இதைத்தான் எடுப்பேன். கம்பெனியிலிருந்தே துணிக்கூரையோடு வரும் வண்டிகளில் இருக்கிற, நடுவில் ரப்பர் வைத்த மூன்றடுக்குத் துணி எல்லாவற்றிலும் மேல்தான். அந்த விலைக்கு, முதல் கூரையில் கத்தரி வைக்கக் கை நடுங்கும். இரண்டாவது கூரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் பார்க்க கண்ணாடிபோன்ற பி.வி.சி. ஷீட், அரை மி.மீ.க்குக் குறையாமல். இது மஞ்சளாகும், கீறும். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். அதனால் சுற்றிலும் ஜிப் வைத்துத் தையுங்கள். மாற்றுவதும் எளிது, மடக்கும்போது தனியே கழற்றவும் முடியும். 1989இல் வந்த முதல் மாஸ்டா எம்.எக்ஸ்-5 வண்டியிலும், கூரையை மடக்கும் முன் பின் ஜன்னலை ஜிப்பைத் திறந்து படுக்கவைக்கும் ஏற்பாடு உண்டு. வெயிலில் சூடேறிய கம்பி படும் இடத்தில் ஷீட் பழுத்துவிடும் என்பதால், கம்பிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நான்கு விரல் இடம் விடுங்கள்.

## எது யாருக்கு

ஷெட் இருக்கிறது, மழையில் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் படுதா மூடியும் அரைக்கூரையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் முழுக்கூரையின் செலவில் பாதிகூட வராது. ஊட்டி, ஏற்காடு என்று நீண்ட பயணம் போகிறவர்கள் வளைவும் தனித்துணியும். தினசரி ஓட்டுபவர்கள், வாசலில் நிறுத்துபவர்கள் பொறுமையாக ஒரு மடக்குச் சட்டத்தைத் தேடுங்கள்; அது கிடைக்கும்வரை மழைக்காலத்தில் வண்டியை உறவினர் ஷெட்டில் விட்டுவைப்பதே மேல்.

எந்தக் கூரையாக இருந்தாலும் அந்தக் கம்பி வளைவு வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி இல்லை. அது வேண்டுமென்றால் தடித்த குழாயில், சேஸிஸோடு பிணைத்துத் தனியாகச் செய்ய வேண்டும்.

முழுக்கூரை செய்யத் தீர்மானித்தவர்கள், துணியை வாங்கும் முன் ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளை நிறுத்தி, அதன் மேல் விரித்து, துணிக்கிளிப்பும் டேப்பும் வைத்து இழுத்துக் கட்டி, தையல் வரவேண்டிய இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்துங்கள். தலை இடிக்கிறதா? கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியுமளவுக்கு ஜன்னலுக்கு இடம் இருக்கிறதா? உங்களைவிட உயரமானவர் ஏறி இறங்க முடிகிறதா? முடியவில்லையென்றால் வளைவை ஓர் அங்குலம் உயர்த்திவிட்டு, இன்னொரு பெட்ஷீட்டை விரியுங்கள். அது சரியாக உட்கார்ந்த பிறகு, கோடுகளின் வழியே வெட்டி எடுத்தால் அதுவே உங்கள் பேட்டர்ன்.